ஈசல் கட்டிய கை

அக்காவின் கையில் மீன் கொக்கி ஏறியிருந்ததை அவருக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். ஒரு பல்லியைக் காப்பாற்றப் போய் வந்த வினை அது.

விருத்தாசலத்தில் செராமிக் ஷெட்டுகள் வரிசையாக இருக்கும் பகுதியில், பியூஸ் கட்டை செய்துகொண்டிருந்த கம்பெனி ஒன்று மூடிக் கிடந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, சென்னையிலிருந்து ஒருவர் அந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்தார். சுவருக்கு வெள்ளையடித்து, டியூப்லைட் மாட்டி, எங்களைப் போன்ற பெண்களை வேலைக்குச் சேர்த்தார். வேலை, பூச்சி கட்டுவது. வெளிநாட்டில் தூண்டில் போடுகிற சிலர் மண்புழு வைப்பதில்லையாம். கொக்கியின்மேல் நூலும் இறகும் சுற்றி ஈ போலவும் கொசு போலவும் ஒன்றைச் செய்து, அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவார்களாம். அப்படிப் பிடித்த மீனைத் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். இதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் மேனேஜருக்குக் கோபமே வந்துவிட்டது.

மேசைக்கு ஒரு சின்ன இடுக்கி பொருத்தியிருக்கும். அதன் வாயில் கொக்கியைக் கடிக்க வைத்து, மெழுகு தடவிய நூலைச் சுற்றுவோம். மயில் பீலியின் ஓர் இழையைச் சுற்றினால் உடம்பு. சேவலின் கழுத்து இறகைச் சுற்றினால் கால்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். முடிச்சுப் போட்டு, தலையில் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்து, தெர்மோகோல் அட்டையில் குத்திக் காயவைப்போம். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் ஒரு பெயர் இருந்தது. அது வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கொசு, ஈசல், சாணி வண்டு, மாமியார். மாமியார் என்பது உடம்பெல்லாம் முடி சிலிர்த்த ஒரு கம்பளிப்பூச்சி.

ஒரு நாள் டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்த பல்லி, காயவைத்திருந்த ஈசல் ஒன்றை நிஜமென்று நினைத்துக் கவ்விவிட்டது. கொக்கி வாயில் மாட்டி, அட்டையோடு சேர்ந்து துடித்தது. நாங்கள் ஸ்டூல்மேல் ஏறி நின்று கத்தினோம். எனக்கு அடுத்த மேசை அக்காதான் எழுந்து போனார். பல்லியை இடது கையால் அமுக்கிப் பிடித்து, வலது கையால் கொக்கியைப் பிய்த்து எடுத்தார். பல்லி வாலை அங்கேயே போட்டுவிட்டு ஓடியது.

“மீனு ஏமாறுதோ இல்லியோ, பல்லி ஏமாந்துடுச்சு. நல்லாத்தான் கட்டறோம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அடுத்த கொக்கியை எடுத்தார்.

அவருடைய வலது உள்ளங்கையின் ஓரத்தில், சுண்டு விரலுக்குக் கீழே, அந்த ஈசல் தொங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, கை!”

“இன்னா கைக்கு?”

“கொக்கி ஏறியிருக்குதுக்கா.”

கையைத் திருப்பி, வாங்கலாமா வேண்டாமா என்று கடையில் சாமான் பார்க்கிறவரைப் போலப் பார்த்தார். மீன் கொக்கியில் எதிர்முள் ஒன்று உண்டு. உள்ளே போனால் வந்த வழியே வராது. முன்பக்கமாகத் தள்ளித் தோலைக் கிழித்து வெளியே எடுத்து, முள்ளை வெட்டித்தான் உருவ வேண்டும். மேனேஜர் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான்தான் செய்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். “அழுத்து புள்ள, பயப்படாத” என்று அவர் எனக்குத் தைரியம் சொன்னார்.

“வலிக்கலியாக்கா?”

“எனக்கு ஒண்ணும் தெரியல.”

அதுதான் அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை. அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும்.

எங்கள் ஊரில் சூளைக் கை என்று சொல்வார்கள். பீங்கான் சூளையைத் திறந்தால் முழுதாக ஆற ஒரு பொழுது வேண்டும். ஆர்டர் அவசரம் என்றால் யார் காத்திருப்பது? சூடு அடங்குவதற்குள் உள்ளே கைவிட்டுச் சாமானை இறக்குவார்கள். கொஞ்ச வருடத்தில் விரல் நுனி தடித்து, சூடும் தெரியாது, குத்தும் தெரியாது. இது எங்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. டீக்கடையில் கொதிக்கும் கிளாஸை முழுக்கையால் பிடித்துக் குடிக்கிறவரைப் பார்த்து, “சூளைக் கைப்பா” என்று மரியாதையாகச் சொல்வோம். என் மாமனாருக்கு அந்தக் கை இருந்தது. அக்காவும் பூச்சி கட்ட வருவதற்கு முன்னால் பொம்மைக் கம்பெனிச் சூளையில் இறக்கும் வேலை பார்த்தவர். ஆகவே பல்லி விஷயத்துக்குப் பிறகு ஷெட்டில் அவருக்கு ஒரு பெருமை உண்டானது. வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருத்தி, ஏன் வலிக்கவில்லை என்று இன்னொரு தடவை கேட்டிருப்பாள். நாங்கள் செராமிக் ஊர்க்காரர்கள். எங்களுக்கு எல்லாம் தெரியும். சூளையில் வேகிறது விரல் நுனி, கொக்கி ஏறியது உள்ளங்கை ஓரம் என்பது மட்டும் யார் மண்டையிலும் ஏறவில்லை.

உணர்ச்சியே இல்லாத கையால் பூச்சி எப்படிக் கட்ட முடியும் என்று கேட்கலாம். நூல் இழுவை என்பது விரலுக்குத் தெரிய வேண்டிய விஷயம். அதிகம் இழுத்தால் அறுந்துவிடும், தளர்த்தினால் உடம்பு கொக்கியைச் சுற்றிக் கழன்றாடும். எங்களுக்கு அது தன்னால் வந்தது. அக்கா கண்ணால் கட்டினார். நூலை இழுக்கும்போது கொக்கி லேசாகத் தலை குனியும். அந்தக் குனிவைப் பார்த்துத்தான் இழுவையை நிறுத்துவார். அதனால் அவர் வேலை செய்யும்போது பேசமாட்டார், நிமிர்ந்து பார்க்கமாட்டார். கரண்டு போனால் நாங்கள் முடிச்சையாவது தடவித் தடவிப் போட்டுவிடுவோம். அவர் நூலைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார், வெளிச்சம் வரும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் கறிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கப் பிடிதுணி தேடிக்கொண்டிருந்தேன். “இதுக்கு எதுக்குடி துணி” என்று சொல்லி, இரண்டு கையாலும் பாத்திரத்தைத் தூக்கிக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் கைதட்டாத குறை. எல்லோரும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டோம். மறுநாள் ஷெட்டில் பார்த்தால் அவர் வலது கையில் இரண்டு இடத்தில் பெரிய கொப்புளம். அதில் ஒன்று உடைந்து இறகெல்லாம் ஒட்டியிருந்தது. நான் சொல்லித்தான் அவர் அதையும் பார்த்தார். இறகுகளை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தெடுத்தேன்.

கை மட்டும்தான் அப்படியா, ஆளே அப்படியா என்று எனக்குப் பிடிபட்டதில்லை. அவருடைய புருஷன் திருப்பூர் போகிறேன் என்று போனவர், அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு மத்தியானம் ஷெட் கேட்டில் வந்து நின்றார். நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தோம். அக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

“சாப்புட்டியா?”

அவர் தலையாட்டினார், இல்லை என்று.

“இதச் சாப்புட்டுட்டு, தூக்கக் கழுவி வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போ.”

திரும்பி வந்து உட்கார்ந்து நூலை எடுத்தார். ஒருத்தி பொறுக்கமாட்டாமல், “ஒண்ணுமே கேக்கலியாக்கா? எனக்கா இருந்தா சட்டையப் புடிச்சிருப்பேன்” என்றாள். “கேட்டா மட்டும்?” என்றார் அக்கா. அக்கா எழுந்து போனபிறகு அவள் என்னிடம், “கல்லுடி இவங்க” என்று முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கம்மாபுரம் பக்கம் எங்கள் அப்பா வீட்டு நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விடும் என்று வீட்டில் தினமும் ஒரே அழுகையும் சண்டையுமாக இருந்த காலம் அது. அழாத ஒரு ஆள் எனக்குத் தேவைப்பட்டார்.

பிறகுதான் நர்சம்மா வந்தார்.

செராமிக் பகுதியில் அரசாங்க ஆஸ்பத்திரி ஆட்கள் ஷெட் ஷெட்டாக வந்து தோலைப் பார்க்கிறார்கள் என்று முந்தின நாளே பேச்சு அடிபட்டது. தேமல் இருக்கிறதா, மரத்துப்போன இடம் இருக்கிறதா என்று சோதிப்பார்களாம். எங்கள் ஷெட்டுக்கு வந்த நர்சம்மா நல்ல மனுஷி, சிரிக்கச் சிரிக்கப் பேசினார். கொண்டுவந்த பஞ்சு தீர்ந்துபோய், எங்கள் மேசையிலிருந்தே ஒரு இறகை எடுத்துக்கொண்டார். “கண்ண மூடிக்குங்க. நான் தொடற எடத்த வெரலால காட்டுங்க.” எங்களுக்கெல்லாம் கூச்சமும் சிரிப்பும். இறகு பட்டதும் கையை இழுத்துக்கொண்டோம்.

அக்கா முறை வந்தது. கண்ணை மூடினார். நர்சம்மா முழங்கையில் தொட்டார். அக்கா சரியாகக் காட்டினார். உள்ளங்கையில் தொட்டார். காட்டினார். சுண்டு விரலில் தொட்டார். அதையும் காட்டினார். தவறே இல்லை. நான் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். இமை முழுக்க மூடவில்லை. கீழே நூலிழை அகலத்துக்கு ஒரு சந்து. அதற்குள் கருவிழி இறகின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

“சூளைக் கைன்னு பயந்தேன். நல்லாத்தான் இருக்குது” என்று நர்சம்மா அடுத்த ஆளிடம் போனார்.

அன்று சாயங்காலம் ஜங்ஷன் ரோட்டில் நடந்து போகும்போது கேட்டுவிட்டேன். “கண்ணத் தொறந்துதானக்கா இருந்தீங்க?”

அவர் மறைக்கவில்லை. முந்தானையை விலக்கி முழங்கைக்கு மேலே காட்டினார். வெளிறிய ஒரு படை, உள்ளங்கை அகலத்துக்கு. ரொம்ப நாளாகத் தேமல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. “மூணு வருசத்துக்கு மேல இருக்குதுடி. எனக்குத் தெரியும் இது இன்னான்னு.”

எனக்கும் தெரிந்துவிட்டது. பெரிய வியாதி என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள், பெயரைச் சொல்லமாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன், தொழுநோய். மாத்திரை சாப்பிட்டால் போய்விடுகிற நோய். அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மாவே கொடுக்கிறார்கள். பிற்பாடு அவரும் சாப்பிட்டார், நோய் போய்விட்டது. ஆனால் அதற்குள் செத்துப்போன நரம்பை எந்த மாத்திரையும் எழுப்பவில்லை. இதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பிருக்காது.

“நாளைக்கே போலாம்க்கா. நான் வர்றேன்.”

“பாப்பாவுக்கு வேப்பூருல பேசிகிட்டு இருக்காங்கடி. ரோட்டு மேல சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கவங்க. நல்ல எடம். கல்யாணம் ஆவட்டும்.”

அவருக்கு ஒரே மகள். நல்லூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊரில், அவருடைய மாமாவுக்கு இந்த நோய் வந்தது. கொல்லையில் ஒரு குடிசை போட்டு அங்கே தனியாக வைத்தார்கள். சோற்றைத் தட்டில் கொட்டிவிட்டு ஓடிவருவது சின்னப்பிள்ளையாக இருந்த அக்காவின் வேலை. மாமா மகளுக்கு நிச்சயம் செய்திருந்த கல்யாணம் நின்றது. வேறு இடமும் அமையவில்லை, அவள் அப்படியே கிழவியானாள். இதையெல்லாம் அக்கா என்னிடம் சொன்னபோது பஸ் நேரம் சொல்கிறவர் குரலில் சொன்னார். அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. மாத்திரைக்குப் போனால் பெயர் எழுதுவார்கள், வீட்டுக்கு வந்து மற்றவர்களையும் பார்ப்பார்கள், தெருவுக்குத் தெரியும், வேப்பூருக்குத் தெரியும்.

அந்த வருடம் முழுக்க அவர் கையைப் பார்த்துக்கொண்டே நான் பூச்சி கட்டினேன். முதலில் சுண்டு விரல் மடங்கியது, பிறகு மோதிர விரல். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இரண்டும் உள்ளங்கையில் போய் ஒட்டிக்கொண்டன. கட்டை விரலும் வலுவிழக்க ஆரம்பித்தது. நூல் அறுந்துகொண்டே இருந்தது. கழித்துப்போடும் டப்பாவில் அவருடைய ஈசல்கள்தான் அதிகம் கிடந்தன. மேனேஜர் திட்டவில்லை, பேக்கிங் மேசைக்கு மாற்றிவிட்டார். “சூளையில வெந்த கை சார், வயசாவ வயசாவ மடங்கும்” என்று அக்கா சொன்னதை அவர் நம்பினார். எல்லோரும் நம்பினார்கள். எனக்கு அக்காமேல் கோபமாக வந்தது. சில நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். பேசாததைக் கவனித்த மாதிரியே அவர் காட்டிக்கொள்ளவில்லை, என் கோபம்தான் வீணானது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. புருஷனையும் கூப்பிட்டிருந்தார், அவரும் புது வேட்டியில் வந்து நின்றார். தாரை வார்க்கும்போது செம்புத் தண்ணீரை அக்காதான் ஊற்ற வேண்டியிருந்தது. முந்தானையால் விரல்களை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து, கொக்கியைப் பார்க்கிற அதே பார்வையோடு செம்பை மட்டும் பார்த்துக்கொண்டு ஊற்றினார். மகள் அழுதாள், நான் அழுதேன். மாப்பிள்ளையின் அம்மாகூட மூக்கைச் சிந்தினார்.

“இப்பப் போலாமாக்கா?” என்று மறுவாரமே கேட்டேன்.

“இப்பவேவா? தல தீவாளி போவட்டும்டி.”

தீபாவளி போயிற்று. மகள் உண்டாயிருக்கிறாள் என்று சேதி வந்தது. பலகாரம் எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வேப்பூர் போனோம்.

சாப்பாட்டுக் கடை நெடுஞ்சாலையை ஒட்டியே இருந்தது. வெளியே லாரிகள் நின்றன. முகப்பில் பரோட்டாக் கல்லில் மாப்பிள்ளையின் அப்பா மாவை வீசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பெரிய குரல்காரர், வாய் நிறைய வரவேற்றார். மகள் நன்றாக இருந்தாள், கொஞ்சம் சதைபோட்டிருந்தாள். எங்களை உள்பக்கம் உட்காரவைத்து அந்தம்மாவே டீ கொண்டுவந்தார். எனக்கு டம்ளரை விளிம்பில் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அக்கா சாதாரணமாக முழுக்கையால் வாங்கிக்கொண்டார். முந்தானை நழுவிவிட்டது.

அந்தம்மா டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தார். அக்காவின் கையை எடுத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்திப் பார்த்தார். அவை நிமிரவில்லை.

“எத்தினி நாளா சம்மந்தி இப்புடி?”

“சூளையில வேல பாத்தேங்க. அதுல வெந்தது.”

“சூளையில வெந்தா வெரலு மடங்குமா? யாருகிட்ட சொல்றீங்க?” சத்தமாகத்தான் கேட்டார். மகள் அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். நான் எழுந்துவிட்டேன். அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அந்தம்மா வாசல் பக்கம் திரும்பி, “ஏங்க, இங்க வாங்க” என்று கூப்பிட்டார்.

அவர் மாவுக் கையோடு வந்தார்.

“சட்டைய ஏத்திக் கையக் காட்டுங்க.”

முழங்கைக்கு மேலே வெளிறிய ஒரு பழைய தடம். “இவருக்கும் இதேதான். பையனுக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்துச்சு. மாத்திர சாப்புட்டாரு, போயிடுச்சு” என்றார் அந்தம்மா. பிறகு குரலைத் தணித்தார். “உங்ககிட்ட சொல்லலாம்னுதான் பாத்தோம். தெரிஞ்சா பொண்ணு குடுக்கமாட்டீங்களேன்னு பயந்துகிட்டு மறச்சிட்டோம். தப்பா நெனச்சிக்காதீங்க சம்மந்தி. நீங்க ஏன் இத்தினி நாளு சும்மா இருந்தீங்க?”

மகள் வந்து அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்கு இது எதுவுமே தெரியாது. அக்கா அவளைத் தேற்றவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாவு ஒட்டிய விரல்கள் எல்லாம் நேராக இருந்தன.

“அண்ணே, கல்லுல கை படும்போது உங்களுக்குத் தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியும்மா. சுடுதே” என்றார் அவர், ஏதோ குற்றம் செய்தவரைப் போல.

மறுநாளே எல்லோருமாகச் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவது என்று அந்தம்மாவே முடிவு செய்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சாப்பிட்டோம். மாப்பிள்ளையின் அப்பா கையால் போட்ட பரோட்டா, நன்றாக இருந்தது. கூட்டுரோட்டில் விருத்தாசலம் பஸ் ஏறினோம். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை யாராவது முதலில் பேசியிருந்தால் இந்த விரல்கள் இருந்திருக்குமே என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார்.

நல்லூரைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, “அவருக்குச் சுடுதாம்டி” என்றார்.